சும்மா கிடக்கிற சூடு: கம்பம் பள்ளத்தாக்கில் அது எங்கே மின்சாரமாகும்?

1895-இல் பென்னிகுவிக் கட்டி முடித்த பெரியாறு அணையின் தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியே கம்பம் பள்ளத்தாக்குக்கு இறங்குகிறது. முதல் அறுபது ஆண்டுகளுக்கு மேல் அது வயலுக்கு மட்டும்தான் பாய்ந்தது. 1958 முதல் லோயர் கேம்ப்பில் சுழலிகளையும் சுற்றத் தொடங்கியது. தலா 35 மெகாவாட் திறனில் நான்கு இயந்திரங்கள் அடுத்தடுத்து வந்தன. அப்புறம் கம்பம் கணவாய்க் காற்றை நம்பிக் காற்றாலைகள் வந்தன. வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தண்ணீர், காற்று, வெயில் மூன்றையும் கம்பியில் ஏற்றிவிட்ட மாவட்டம் தேனி.

நாலாவதாக ஒன்று இருக்கிறது. ஏலக்காயை உலர்த்தும் ஸ்டோரின் இரும்புக் கதவில், தேயிலைத் தொழிற்சாலையின் உலர்த்தியில், நூற்பாலை மோட்டாரின் உடம்பில், பம்ப்செட்டில் கைவைத்தால் தெரியும் சூடு. யாருக்கும் பயன்படாமல் காற்றோடு போகிறது. இதை மின்சாரமாக்க முடியுமா என்று பொறியியல் மாணவர்கள் ஆண்டுதோறும் புராஜெக்ட் தலைப்பு எடுக்கிறார்கள். மாடியில் பல்பு எரிக்கலாம், செல்போன் சார்ஜ் ஏற்றலாம் என்று தொடங்கும் அந்தப் புராஜெக்டுகளில் பல ஒரு எல்.இ.டி.யை மினுக்கிக் காட்டுவதோடு முடிந்துவிடுகின்றன. எதிர்பார்ப்பின் அளவு தவறு என்பதுதான் காரணம்.

சரியான அளவு எது? ஒரு சிறு சென்சார் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சூட்டையும் ஈரப்பதத்தையும் அளந்து, ரேடியோவில் அனுப்பிவிட்டு, மீதி நேரம் உறங்குகிறது என்றால் அதற்குச் சராசரியாக 100 மைக்ரோவாட் போதும். லோயர் கேம்ப் முதலில் பெற்றிருந்த திறனை ஒரு லட்சம் கோடி பங்காக்கினால் அதில் ஒரு பங்கைவிடவும் குறைவு. கம்பியும் வேண்டாம், பேட்டரி மாற்றும் வேலையும் வேண்டாம் என்றால் இந்தத் துளி மின்சாரத்துக்கு மதிப்பு உண்டு. கேள்வி இவ்வளவுதான்: சுற்றியிருக்கும் சூட்டிலிருந்து இந்தத் துளியை எடுக்கும் மின்சுற்றுகள் இன்று எந்த நிலையில் இருக்கின்றன, இந்தப் பள்ளத்தாக்கில் எங்கே அவை பலிக்கும்?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மின்சுற்றுச் சிக்கல் பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. சூட்டை வெளியேற்றும் சிக்கல் தீரவில்லை. பள்ளத்தாக்கில் நான் ஆராய்ந்த இடங்களில் ஒன்றில்தான் கணக்கு தெளிவாக நேராகிறது.

சூடு அல்ல, சூட்டின் இறக்கம்

1821-இல் ஜெர்மானிய அறிஞர் தாமஸ் சீபெக் இரண்டு வேறு உலோகங்களை வளையமாக இணைத்து ஒரு சந்தியைச் சூடாக்கினார். பக்கத்தில் இருந்த காந்த ஊசி திரும்பியது. பிளஸ் டூ இயற்பியலில் படித்த சீபெக் விளைவு இதுதான். மூன்று ஆண்டு கழித்து, பிரான்சில் சாதி கார்னோ வெப்ப இயந்திரங்களைப் பற்றி எழுதியபோது சூட்டை அருவியோடு ஒப்பிட்டார். தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்பதோடு, எவ்வளவு உயரத்திலிருந்து எங்கே விழுகிறது என்பதும் சேர்ந்துதான் வேலையைத் தீர்மானிக்கிறது. லோயர் கேம்ப்பைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மே மாதத் தேனியில் எங்கு பார்த்தாலும் சூடுதான். ஆனால் எல்லாமே ஒரே சூட்டில் இருந்தால் ஒரு மைக்ரோவாட்கூடக் கிடைக்காது. 300 கெல்வின் சுற்றுப்புறத்தில் 10 டிகிரி வித்தியாசம் இருந்தால், இயற்கை அனுமதிக்கும் உச்சத் திறனே மூன்றேகால் சதவீதம் அளவுதான். கையில் கிடைக்கும் வெப்பமின் தகடுகள் அதிலும் ஒரு சிறு பங்கையே எட்டும்.

தகடு என்றால் பெரும்பாலும் பிஸ்மத் டெல்லூரைடு. இந்தச் சேர்மத்தின் வெப்பமின் குணத்தை 1954-இல் எடுத்துக்காட்டியவர் இங்கிலாந்தின் ஜூலியன் கோல்ட்ஸ்மிட். இன்றைக்கும் அறைச் சூட்டுக்கு அருகே அதை வெல்ல வேறு பொருள் கடைக்கு வரவில்லை. சென்னை ரிச்சி தெருவில் குளிரூட்டும் தகடு என்று கேட்டால் 4 சென்டிமீட்டர் சதுரத்தில் வெள்ளைப் பீங்கான் போர்த்திய ஒன்றைத் தருவார்கள். டி.இ.சி.1-12706 என்று அச்சிட்டிருக்கும். அதில் 127 என்பது உள்ளே இருக்கும் வெப்ப மின்னிரட்டைகளின் எண்ணிக்கை. ஒரு ஜோடி டிகிரிக்குச் சுமார் 0.4 மில்லிவோல்ட் தரும். 127 ஜோடி தொடராக இருப்பதால் தகடு முழுவதுக்கும் டிகிரிக்கு 50 மில்லிவோல்ட். உள் மின்தடை 2 ஓம் சொச்சம்.

இதை வைத்து யாரும் கணக்குப் போடலாம். தகட்டின் இரு முகங்களுக்கு இடையே 1 டிகிரி இருந்தால் 50 மில்லிவோல்ட். பொருத்தமான சுமை வைத்தால் 0.3 மில்லிவாட். 5 டிகிரி இருந்தால் கால் வோல்ட். கிட்டத்தட்ட 8 மில்லிவாட். 20 டிகிரி என்றால் 1 வோல்ட், 125 மில்லிவாட். வித்தியாசம் இரட்டித்தால் மின்திறன் நான்கு மடங்காகிறது. இந்த வர்க்கக் கணக்குதான் இந்தத் துறையில் எல்லா நம்பிக்கைக்கும் எல்லா ஏமாற்றத்துக்கும் காரணம்.

ஏமாற்றம் எப்படி வருகிறது என்றால், சூடான பொருளுக்கும் காற்றுக்கும் உள்ள வித்தியாசம் முழுவதும் தகட்டின் மேல் விழுவதில்லை. தகட்டின் வெப்பத்தடை வாட்டுக்கு 2 டிகிரியைத் தொடாது. அதன் முதுகில் ஒட்டும் உள்ளங்கை அளவு அலுமினிய ஹீட் சிங்க், விசிறி இல்லாமல், வாட்டுக்கு 10 டிகிரி. இரண்டும் தொடரில் இருப்பதால் மொத்த வித்தியாசத்தில் ஆறில் ஐந்து பங்கு ஹீட் சிங்கிலேயே கரைந்துவிடும். மோட்டார் உடம்பு 65, காற்று 35 என்று அளந்துவிட்டு, 30 டிகிரி கிடைத்தது என்று குதிப்பவருக்குத் தகட்டில் கிடைப்பது 5 டிகிரிதான். தகட்டின் வெப்பத்தடையும் ஹீட் சிங்கின் வெப்பத்தடையும் சமமாக இருக்கும்போதுதான் உச்ச மின்திறன் கிடைக்கும். குளிரூட்டுவதற்கென்றே செய்த தகடு இந்த வேலைக்கு மெலிந்தது. கால்கள் நீளமாகவும் ஒல்லியாகவும் உள்ள தகடு வேண்டும். அதன் விலை அதிகம்.

26 மில்லிவோல்ட் என்னும் சுவர்

இனி மின்சுற்று. சென்சாருக்கும் ரேடியோவுக்கும் 2 முதல் 3.3 வோல்ட் வேண்டும். கையில் இருப்பதோ 30, 50, 200 மில்லிவோல்ட். தொடரில் நிறையத் தகடு கோத்தால் மின்னழுத்தம் கூடும். விலையும் ஹீட் சிங்கின் அளவும் சேர்ந்து கூடும். ஆகவே மின்னழுத்தத்தை உயர்த்தும் கன்வெர்ட்டர் வேண்டும்.

உயர்த்துவது ஒன்றும் புதிய வித்தை அல்ல. ஒரு காயில், ஒரு சுவிட்ச், ஒரு டயோடு, ஒரு மின்தேக்கி. சுவிட்சை மூடினால் காயிலில் மின்னோட்டம் ஏறும். திறந்தால் காயில் அந்த ஆற்றலை உயர்ந்த மின்னழுத்தத்தில் மின்தேக்கிக்குத் தள்ளும். சிக்கல் அந்தச் சுவிட்சில் இருக்கிறது. சுவிட்ச் என்பது டிரான்சிஸ்டர். சாதாரண சிலிக்கான் டிரான்சிஸ்டர் விழிக்க அரை வோல்ட் வேண்டும். 50 மில்லிவோல்ட்டை வைத்துக்கொண்டு அதைத் தட்டி எழுப்பவே முடியாது. பழைய ரேடியோ மெக்கானிக்குகளுக்கு நினைவிருக்கும் ஏசி128 போன்ற ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர்கள் 0.2 வோல்ட்டிலேயே உயிர்பெறும். ஆனாலும் அதுகூட நமக்கு எட்டாத உயரம்.

அடியில் இருப்பது இயற்பியலின் சுவர். அறைச் சூட்டில் எலக்ட்ரான்களின் வெப்பக் குலுக்கத்தையே மின்னழுத்தமாகச் சொன்னால் 26 மில்லிவோல்ட். உள்ளீடு இதன் அருகே வரும்போது டிரான்சிஸ்டரின் 'ஆன்' நிலைக்கும் 'ஆஃப்' நிலைக்கும் வித்தியாசமே மங்கிவிடுகிறது. அதனால்தான் இந்தத் துறையில் இரண்டு எண்களைப் பிரித்துக் கேட்க வேண்டும். ஒன்று, வெறும் மின்தேக்கியோடு முழு உறக்கத்திலிருந்து எழத் தேவையான மின்னழுத்தம். மற்றது, எழுந்த பிறகு ஓடத் தேவையான மின்னழுத்தம். விளம்பரத் தாள்களில் முன்பக்கம் பெரிதாக இருப்பது பெரும்பாலும் இரண்டாவது எண்.

எழுப்புவதற்கு ஆராய்ச்சியாளர்கள் பிடித்த வழிகள் பல. என் மனத்துக்கு மிகவும் பிடித்தது அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் செய்தது. சென்னையில் பிறந்த அனந்த சந்திரகாசனும் அவருடைய மாணவர் யோகேஷ் ராமதாஸும் 2010-இல் வெளியிட்ட சுற்று 35 மில்லிவோல்ட்டில் எழுந்தது. பேட்டரியே கிடையாது. தந்திரம் என்னவென்றால், முதல் உதைக்கு டிரான்சிஸ்டரை நம்பாமல், அசைவில் தானே திறந்து மூடும் ஒரு சிறு இயந்திரச் சுவிட்சை வைத்தார்கள். உடம்பில் கட்டிய கருவி என்பதால் ஆள் நடந்தாலே சுவிட்ச் ஆடும். அந்த ஆட்டம் மின்தேக்கியை ஒருமுறை நிரப்பிவிட்டால் அப்புறம் சிப் தானே பார்த்துக்கொள்ளும். நூற்பாலை மோட்டாருக்கும் இது பொருந்தும். அதிர்வுக்கு அங்கே குறைவில்லை. சுவரில் அசையாமல் மாட்டியிருக்கும் கருவிக்கு உதவாது.

கடைக்கு வந்து நிலைத்த வழி மின்மாற்றி வழி. லீனியர் டெக்னாலஜி நிறுவனம் 2010 வாக்கில் வெளியிட்ட எல்.டி.சி.3108 சிப் இதற்கு எடுத்துக்காட்டு. (2017-இல் அந்த நிறுவனத்தை அனலாக் டிவைசஸ் வாங்கிக்கொண்டது, சிப் தொடர்கிறது.) இதனுள் இருக்கும் டிரான்சிஸ்டர், கேட் மின்னழுத்தம் பூஜ்யமாக இருக்கும்போதே கடத்தும் வகை. எழுப்ப வேண்டியதில்லை, முன்பே விழித்திருக்கிறது. 20 மில்லிவோல்ட் வந்தவுடன் சிறு மின்மாற்றியின் முதன்மைச் சுருள் வழியே மின்னோட்டம் ஓடும். துணைச் சுருளில் சுற்று நூறு மடங்கு என்பதால் அங்கே வோல்ட் கணக்கில் ஊசல் எழும். அந்த ஊசலே டிரான்சிஸ்டரின் கேட்டுக்குத் திரும்பி வந்து அதை மூடித் திறக்கும். தானே ஆடும் ஊஞ்சலாகச் சுற்று ஊசலாடத் தொடங்கிவிடும். துணைச் சுருளின் ஊசலை நேராக்கி முதலில் சிப் தன் வயிற்றை நிரப்பிக்கொள்கிறது, அடுத்து 2.2 வோல்ட்டில் மைக்ரோகண்ட்ரோலருக்குக் கொடுக்கிறது, அடுத்து முதன்மை வெளியீட்டு மின்தேக்கியை நிரப்புகிறது, மிஞ்சியதைச் சேமிப்புக்கு அனுப்புகிறது. மாதச் சம்பளக் குடும்பத்தின் ஒழுங்கு.

இதில் கவனிக்க ஒரு நுணுக்கம் உண்டு. 20 மில்லிவோல்ட் என்பது சிப்பின் காலில் வந்துசேர வேண்டிய அளவு. நூறு மடங்கு மின்மாற்றியோடு இந்தச் சிப் உள்ளீட்டில் ஏறக்குறைய 2.5 ஓம் சுமையாகத் தெரியும். தகட்டின் உள் மின்தடை 2 ஓம் என்றால், சுமையில்லாதபோது தகடு 36 மில்லிவோல்ட் காட்டினால்தான் சிப்புக்கு 20 போய்ச் சேரும். அதாவது தகட்டின் குறுக்கே 0.7 டிகிரி. மல்ட்டிமீட்டரில் 22 மில்லிவோல்ட் தெரிகிறது, ஆனால் சுற்று ஓடவில்லை என்று மாணவர்கள் தலையைச் சொறிவது இந்த இடத்தில்தான்.

மின்மாற்றி வழியின் குறை அதன் திறன். மிகக் குறைந்த மின்னழுத்தத்தில் எழும், ஆனால் வாங்கியதில் பாதிக்கு மேல் தின்றுவிடும். உள்ளீடு 100 மில்லிவோல்ட்டைத் தாண்டும் இடங்களில் நூறு மடங்கு மின்மாற்றியை எடுத்துவிட்டு ஐம்பதோ இருபதோ மடங்கு வைப்பது நல்லது.

மூன்றாவது குடும்பம் காயில் வழி கன்வெர்ட்டர்கள். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் பி.க்யூ.25504, பி.க்யூ.25570 இரண்டும் இந்தியாவில் எளிதாகக் கிடைக்கின்றன. விழிக்க இவற்றுக்குச் சில நூறு மில்லிவோல்ட் வேண்டும். விழித்தபின் 100 மில்லிவோல்ட் அளவிலும் ஓடும். தன் செலவுக்கு இவை எடுத்துக்கொள்வது ஒரு மைக்ரோஆம்பியரின் கீழே. 50 மில்லிவோல்ட்டை 3.3 வோல்ட்டாக்க வேண்டுமானால் சுவிட்ச் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு பங்கு நேரம் மூடியே இருக்க வேண்டும். அந்த நேரம் முழுவதும் காயிலின் கம்பித்தடையும் சுவிட்சின் தடையும் ஆற்றலை உறிஞ்சும். 1 டிகிரி வித்தியாசத்தில் 2 ஓம் தகடு பொருத்தமான சுமையில் காட்டுவது 25 மில்லிவோல்ட், 12.5 மில்லிஆம்பியர். காயிலின் தடை வெறும் 0.2 ஓம் என்று வைத்தாலும் அதிலேயே பத்தில் ஒரு பங்கு போய்விடும். இந்த அளவில் ஒவ்வொரு கால் ஓமும் எதிரி. மெல்லிய கம்பியில் பிரெட்போர்டில் குத்திப் பார்ப்பவர்களின் சுற்று ஓடாததற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

காயிலே இல்லாமல் மின்தேக்கிகளை மட்டும் வைத்து ஏற்றும் சுற்றுகளும் உண்டு. சிப்புக்குள் அடக்க அவை வசதி. பெரும்பாலும் மற்றொரு கன்வெர்ட்டருக்கு முதல் உதை கொடுக்கும் வேலைக்குப் பயன்படுகின்றன. ஜப்பானின் சீகோ நிறுவனம் கொண்டுவந்த எஸ்-882இசட் வரிசைச் சிப் 0.3 வோல்ட்டில் தொடங்குவது அந்த வகை.

ஒரு விஷயத்தில் வெப்பமின் தகடு சோலாரைவிடச் சாது. சோலார் தகட்டில் உச்ச மின்திறன் எங்கே என்று கண்டுபிடிக்க வெயிலைப் பொறுத்துத் தேடிக்கொண்டே இருக்க வேண்டும். வெப்பமின் தகட்டில் அது எப்போதும் சுமையில்லா மின்னழுத்தத்தின் சரிபாதி. பி.க்யூ.25570 பதினாறு நொடிக்கு ஒருமுறை கால் நொடி சுமையை விலக்கி மின்னழுத்தத்தை அளந்து, பாதியை நினைவில் வைத்துக்கொள்கிறது. சூடு மெல்லத்தான் மாறும் என்பதால் இது போதும்.

திசை மாறும் இடங்களுக்கு எல்.டி.சி.3109 இருக்கிறது, தகட்டின் எந்த முகம் சூடானாலும் 30 மில்லிவோல்ட்டில் தொடங்கும். மனித உடல் சூட்டில் ஓடும் கைக்கடிகாரத்தை சீகோ 1998-இல் விற்றது. அதை மே மாத மதியத்தில் ஆண்டிபட்டியில் கட்டிக்கொண்டு வெளியே நடந்தால் தோலைவிடக் காற்று சூடாக இருக்கும். மின்சாரம் தலைகீழாக வரும். அதே கடிகாரம் அன்றைக்கு மாலை போடிமெட்டில் நன்றாக ஓடும். குளிர்நாட்டு ஆய்வுக் கட்டுரைகளில் வரும் உடல் சூட்டுக் கணக்குகளை நம் ஊருக்கு அப்படியே எடுத்துவருவதில் உள்ள ஆபத்து இதுதான்.

பள்ளத்தாக்கில் தேடினால்

திராட்சைத் தோட்டத்தில் முதலில் பார்ப்போம். கம்பம் பன்னீர் திராட்சை 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. பந்தலுக்கு அடியில் மண் ஈரத்தையும் சூட்டையும் அளக்கும் சென்சார் நட்டால் நோய் முன்னறிவிப்புக்கு உதவும். மண்ணின் மேற்பரப்பு பகலில் கொதிக்கும்போதும் ஒரு சாண், ஒன்றரைச் சாண் ஆழத்தில் சூடு அவ்வளவாக மாறாது. இந்த வித்தியாசத்தை எடுக்கலாமே என்று உலகெங்கும் ஆய்வுகள் உண்டு. ஆனால் மண் வழியாகத் தகட்டுக்குச் சூடு வந்துசேரும் தடை பெரிது. மேலே காற்றில் ஹீட் சிங்கின் தடை பெரிது. 8 டிகிரி வித்தியாசத்தில் தகட்டுக்குக் கிடைப்பது ஒரு டிகிரியைத் தொட்டால் அதிசயம். காலையும் மாலையும் திசை மாறும் நேரத்தில் அதுவும் இல்லை. பந்தலுக்கு மேலேயோ நல்ல வெயில் நேரத்தில் ஒரு சதுர சென்டிமீட்டர் சோலார் தகடு 15 மில்லிவாட்டுக்குக் குறையாமல் தரும். வானம் பார்த்த எந்த இடத்திலும் சூட்டு வழி தோற்றுப்போகும். தோட்டத்தை விட்டுவிடலாம்.

பம்ப்செட் சுவையான இடம். கிணற்றடி மோனோபிளாக் பம்பில் மோட்டார் உடம்பு 60 டிகிரிக்கு ஏறியிருக்கும். ஒரு முழம் தள்ளி டெலிவரி குழாயில் குளிர்ந்த தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும். ஓடும் தண்ணீரைவிட நல்ல ஹீட் சிங்க் கிடையாது. மோட்டாரிலிருந்து ஒரு தடித்த அலுமினியப் பட்டையை இழுத்து, தகட்டை நடுவே வைத்து, குழாயோடு இறுக்கினால் தகட்டின் குறுக்கே 10 டிகிரிக்கு மேல் வாங்கிவிடலாம். கணக்கு அருமையாக வரும். ஆனால் அதே மோட்டாருக்கு மூன்று ஃபேஸ் கரண்ட் வந்து நிற்கிறது. பக்கத்தில் கரண்ட் பெட்டியை வைத்துக்கொண்டு மில்லிவாட் பொறுக்குவது எதற்கு? பொழுதுபோக்குக்கு நல்லது, தோட்டக்காரருக்கு வேண்டாதது. ஊர் முனையில் நிற்கும் டிரான்ஸ்ஃபார்மருக்கும் இதே பதில்தான். லோயர் கேம்ப்பில் தண்ணீர் இறங்கும் ராட்சதக் குழாய்களுக்கும் இதே பதில்.

தேனி, ஆண்டிபட்டி நூற்பாலைகளில் நிலைமை வேறு. மோட்டார்களும் பேரிங்குகளும் ஏராளம். ஒவ்வொன்றுக்கும் கம்பி இழுத்துச் சென்சார் வைத்தால் பஞ்சுத் தூசியும் எண்ணெயும் சேர்ந்து அந்தக் கம்பியே தீ ஆபத்தாகிவிடும். கூரைக்கு அடியில் வெயில் இல்லை. விளக்கு வெளிச்சத்தில் சோலார் தகடு ஒரு சதுர சென்டிமீட்டருக்குப் பத்து மைக்ரோவாட் அளவு தந்தால் பெரிது, அதையும் தூசி மூடும். 60 டிகிரி மோட்டாரில் ஒட்டிய தகடு, கூடத்தின் 35 டிகிரிக் காற்றில், ஓரிரு மில்லிவாட் கொடுக்கும். அதிர்வை அளந்து சுருக்கமாக அனுப்ப இது தாராளம். ஆனால் ஹீட் சிங்கின் இடுக்குகளில் பஞ்சு அடைத்துக்கொண்டால் வித்தியாசம் சுருங்கி, மின்னழுத்தம் விழுந்து, கருவி செத்துவிடும். வாரம் ஒருமுறை துடைக்க ஆள் வேண்டுமென்றால், ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை பேட்டரி மாற்றுவது மலிவு. எனவே பாதி மனதோடு 'ஆம்'.

மேகமலைத் தேயிலைத் தொழிற்சாலையில் உலர்த்தி 100 டிகிரிக் காற்றில் வேலை செய்கிறது. வித்தியாசம் தாராளம். ஆலைக்குள்ளேயே மின்சாரமும் கண்காணிப்புப் பலகையும் இருப்பதால் தேவை குறைவு.

ஏலக்காய் ஸ்டோர்

மீதியிருப்பது ஏலக்காய் ஸ்டோர். நான் தேடிய இடங்களில் இது ஒன்றுதான் கணக்குக்கு முழுதாக இணங்குகிறது.

போடிநாயக்கனூர் ஏலக்காய் வணிகத்தின் தலைநகர். ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏலம் இங்கும் மலைக்கு அப்பால் புற்றடியிலும் நடக்கிறது. ஏலத்துக்கு வரும் முன்பு காய் மலையில் ஸ்டோரில் உலர வேண்டும். பறித்த பச்சைக்காயில் நூற்றுக்கு எண்பது பங்கு தண்ணீர். அதை நூற்றுக்குப் பத்து அளவுக்குக் கொண்டுவர ஒரு பகல் ஒரு இரவு, சில நேரம் அதற்கு மேலும், 45 முதல் 55 டிகிரிச் சூட்டில் கம்பிவலைத் தட்டுகளில் பரப்பி வைக்கிறார்கள். வெளியே அடுப்பு, அதன் புகை தகரக் குழாய்களில் அறைக்குள் சுற்றி வெளியேறும். விறகு எரித்த இடத்தில் இப்போது பல ஸ்டோர்களில் எரிவாயுவும் டீசலும் மின்சாரமும் வந்துவிட்டன. ஆனாலும் விறகு அடுப்பு போகவில்லை.

சூடு கூடினால் காய் வெடிக்கும், பச்சை நிறம் வெளுக்கும். குறைந்தால் உலர நாளாகும், ஈரம் தங்கிக் காய் கெடும். பச்சை நிறத்துக்கும் 8 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட பருமனுக்கும்தான் ஏலத்தில் விலை. அதனால் ஸ்டோர் பார்க்கிறவர் இரவு இரண்டு மணிக்கும் எழுந்து கதவைத் திறந்து தெர்மாமீட்டரைப் பார்க்கிறார், ஒரு காயை எடுத்து விரலால் நசுக்கிப் பார்க்கிறார், விறகைத் தள்ளுகிறார் அல்லது இழுக்கிறார். கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் சூடு வெளியேறும்.

இங்கே கணக்கைப் போடலாம். அறைக்குள் 55 டிகிரி. மலையில் இரவு வெளிக்காற்று 20 டிகிரி. இரும்புக் கதவின் உட்புறத்தில் ஒரு அலுமினியத் தகடு, கதவில் ஓட்டை போட்டு நடுவே வெப்பமின் தகடு, வெளிப்புறம் ஹீட் சிங்க். உட்பக்கத் தகடு அறைக் காற்றிலிருந்து சூட்டை வாங்குவதிலும் தடை உண்டு. அதையும் சேர்த்தால் 35 டிகிரியில் தகட்டுக்கு 3 டிகிரி கிடைக்கும். 150 மில்லிவோல்ட், பொருத்தமான சுமையில் 2.8 மில்லிவாட். கன்வெர்ட்டர் மூன்றில் ஒரு பங்கைத்தான் தருகிறது என்று கஞ்சமாக வைத்தாலும் 0.9 மில்லிவாட் கையில் நிற்கும்.

செலவு என்ன? இந்தியாவில் உரிமம் இல்லாமல் பயன்படுத்த அனுமதித்த 865 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் லோரா ரேடியோ, மலைச்சரிவில் எட்டும்படி மெதுவான வேகத்தில் ஒரு சிறு செய்தி அனுப்ப 0.4 நொடி எடுத்துக்கொள்ளும், 3.3 வோல்ட்டில் 40 மில்லிஆம்பியர் என்றால் 53 மில்லிஜூல். பத்து நிமிடத்துக்கு ஒன்று என்றால் சராசரி 90 மைக்ரோவாட்டுக்குக் கீழே. உறக்கச் செலவும் மின்தேக்கியின் கசிவும் சேர்ந்து இன்னும் ஒரு 20 அல்லது 30. வரவு செலவைப்போல ஏழெட்டு மடங்கு. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை அனுப்பினாலும் தாங்கும். தகட்டைக் கதவுக்குப் பதில் சூடான புகைக்குழாயில் பொருத்தினால் இன்னும் பல மடங்கு கிடைக்கும். ஆனால் குளிரூட்டும் தகடுகளின் உள் ஈயப்பற்று 138 டிகிரியில் உருகிவிடும் என்பதால் குழாயின் எந்தப் பகுதி என்று பார்த்துத்தான் வைக்க வேண்டும்.

மற்ற இடங்களில் இல்லாத பொருத்தம் ஒன்று இங்கே இருக்கிறது. தகவல் வேண்டிய நேரமும் சூடு இருக்கும் நேரமும் ஒன்றே. அடுப்பு எரியாத நாளில் கருவி உறங்கினால் யாருக்கும் நட்டமில்லை. அடுப்பு மூட்டி அறை சூடேறினால் கருவி தானாக விழிக்கும். இரவெல்லாம் நீண்ட நேரம் மின்சாரத்தைச் சேர்த்துவைக்கப் பெரிய மின்தேக்கி தேவையில்லை. ஒரு செய்திக்கு வேண்டியதைத் தாங்கும் சிறு மின்தேக்கி போதும். இது பெரிய லாபம், ஏனென்றால் பெரிய சூப்பர் மின்தேக்கிகள் 5 மைக்ரோஆம்பியர் கசிந்தாலே 16 மைக்ரோவாட் வீண். சூட்டில் அவற்றின் ஆயுளும் 10 டிகிரிக்குப் பாதி என்ற கணக்கில் குறையும். சேமிப்பையும் சிப்பையும் கதவின் குளிர்ந்த வெளிப்பக்கத்தில் வைத்துவிடலாம்.

எதிர்வாதத்தையும் வைக்க வேண்டும். லித்தியம் தையோனைல் குளோரைடு வகை ஏஏ அளவு பேட்டரி ஒன்றில் 3.6 வோல்ட்டில் 2.4 ஆம்பியர்-மணி இருக்கிறது. 31 ஆயிரம் ஜூல். 100 மைக்ரோவாட் செலவுக்குப் பத்தாண்டு வரை காகிதத்தில் ஓடும். விலையும் வெப்பமின் தகடு, சிப், மின்மாற்றி, ஹீட் சிங்க் எல்லாம் சேர்ந்த விலையைவிடக் குறைவு. நேர்மையாகச் சொன்னால், பல இடங்களில் சூட்டு அறுவடையின் உண்மையான போட்டியாளர் இந்தப் பேட்டரிதான். பெரும்பாலும் பேட்டரியே வெல்கிறது. சூட்டு வழி வெல்ல வேண்டுமானால் மூன்றில் ஒன்று இருக்க வேண்டும்: பேட்டரி தாங்காத சூடு, எட்டாத இடம், அல்லது பேட்டரி கொடுக்க முடியாத அளவு அடிக்கடி அனுப்ப வேண்டிய தேவை. ஏலக்காய் ஸ்டோரில் மூன்றாவது நிச்சயம் இருக்கிறது. இரண்டு நிமிடத்துக்கு ஒரு செய்தி என்றால் அதே பேட்டரி இரண்டு ஆண்டில் தீர்ந்துவிடும். 

இதைச் செய்து பார்க்க வேண்டியவர்கள் தூரத்தில் இல்லை. போடியில் அரசு பொறியியல் கல்லூரி இருக்கிறது. பெரியகுளத்தில் தோட்டக்கலைக் கல்லூரி இருக்கிறது. இடுக்கி மயிலாடும்பாறையில் ஸ்பைசஸ் போர்டின் ஏலக்காய் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மூன்றும் ஒரு பகல் பயணத்துக்குள். மின்னணுவியல் மாணவர் சுற்றைச் செய்ய, தோட்டக்கலை மாணவர் காயின் நிறத்தையும் ஈரத்தையும் அளக்க, ஒரு பருவம் போதும். வெப்பமின் பொருள்களைப் பற்றி ஆராய்ச்சி ஏராளமாக நடக்கிறது. ஒரு தகட்டை எந்தக் கதவில், எந்த ஹீட் சிங்கோடு, எப்படி இறுக்குவது என்பதை ஊர்ப்பக்கத்தில் அளந்தவர்கள்தான் குறைவு.

இந்த ஆண்டு இந்தத் தலைப்பை எடுக்கப் போகும் மாணவருக்கு ஒரு வேண்டுகோள். சிப்புக்கு ஆர்டர் போடும் முன்பு இரண்டு தெர்மாமீட்டர் வாங்குங்கள். ஒரு தகட்டையும் ஹீட் சிங்கையும் ஸ்டோர் கதவில் இறுக்கி, தகட்டின் இரு முகங்களிலும் ஒவ்வொன்றை ஒட்டி, அடுப்பு மூட்டியது முதல் காய் இறக்கும் வரை மணிக்கு ஒருமுறை எழுதுங்கள். வித்தியாசம் 1 டிகிரிக்குக் கீழே இருந்தால் தலைப்பை மாற்றிவிடுங்கள். 3 டிகிரி நின்றால், நூறு மடங்கு மின்மாற்றியோடு வேலையைத் தொடங்கலாம்.